சங்கம் இல்லாத வேலைத்தலத்தில் எங்களுக்காகக் கதைப்பது யார்?

பாலைப்பழம் | ஞாயிறு, மாலை 5.20

வணக்கம். நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஆறு வருடங்களாகத் தையல் இயந்திரத்தில் வேலை செய்கிறேன். தொழிற்சாலையின் பெயரைச் சொல்லமாட்டேன். தயவுசெய்து யாரும் ஊகித்தும் எழுத வேண்டாம். எங்கள் இடத்தில் தொழிற்சங்கம் இல்லை, ‘ஊழியர் சபை’ ஒன்று இருக்கிறது. போன மாதம் என்னை அதில் உறுப்பினராகச் சேர்த்துவிட்டார்கள்.

சேர்த்துவிட்டார்கள் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. காலையில் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் வந்து, “தங்கச்சி, உங்கள் லைனுக்கு உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் நன்றாகக் கதைப்பீர்கள்” என்றார். எங்கள் லைனில் 38 பேர் இருக்கிறோம். அவர்களில் ஒருவரிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் கூட்டத்துக்குப் போனேன். குளிரூட்டிய அறை, பால்தேநீர், ஆளுக்கொரு கேக் துண்டு. விளையாட்டுப் போட்டி பற்றிக் கதைத்தார்கள், பொங்கல் விழா பற்றிக் கதைத்தார்கள், பஸ் எந்தச் சந்தியில் நிற்க வேண்டும் என்று கதைத்தார்கள். கடைசியில் “வேறு ஏதாவது?” என்று கேட்டார்கள். நான் இரண்டு விடயங்களைச் சொன்னேன். மதியத்துக்குப் பிறகு குடிதண்ணீர்த் தாங்கி வெறுமையாகிவிடுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் நின்றால் அந்த மாதத்து வரவுப்படி முழுவதும் போய்விடுகிறது. முகாமையாளர் முகம் கோணாமல் கேட்டார். சிங்களத்தில் பதில் சொன்னார். மனிதவளப் பிரிவுப் பிள்ளை அதைத் தமிழில் சொன்னாள்: “கவனத்தில் எடுக்கிறோம்.”

இரண்டு வாரம் கழித்துக் கூட்ட அறிக்கை வந்தது. ஒரே பக்கம், சிங்களத்தில். பஸ்ஸில் என்னோடு வரும் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ‘ஊழியர் நலன் தொடர்பான பொது விடயங்கள் கலந்துரையாடப்பட்டன’ என்று இருந்தது. தண்ணீரும் இல்லை, வரவுப்படியும் இல்லை.

அன்று பின் இருக்கையில் இருந்த ஒரு பிள்ளை, “அக்கா, கேக் நல்லதா?” என்று கேட்டாள். அவள் என்னை நோகடிக்கக் கேட்கவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இந்தச் சபையில் இருப்பதா, விலகுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

குளக்கட்டு | ஞாயிறு, இரவு 8.05

மகள், விலக வேண்டாம். நான் வட்டக்கச்சிப் பக்கம். எங்கள் பெண்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பதினொரு வருடம் செயலாளராக இருந்தேன். தொழிற்சாலை எனக்குத் தெரியாது, கூட்டம் என்றால் என்ன என்பது தெரியும்.

எங்கள் சங்கத்தில் கூட்டம் தொடங்கினால் இறைவணக்கத்துக்கும் வரவேற்புரைக்கும் அடுத்து, சென்ற கூட்ட அறிக்கையை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் “திருத்தம் இருக்கிறதா?” என்று கேட்போம். மூலையில் இருக்கும் ஒரு கிழவி, “நான் மலசலகூடத் திட்டத்தைப் பற்றிக் கேட்டேனே, அது எங்கே?” என்பார். அதைச் சேர்த்து எழுதிய பிறகுதான் ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிந்து அறிக்கை நிறைவேறும். பள்ளிக்கூடம் போகாத பெண்களும் இந்த முறையைத் தலைகீழாக அறிவார்கள். முகாமிலிருந்து மீளக்குடியேறி, தறப்பாளுக்குக் கீழே பாயில் இருந்து நடத்திய கூட்டங்களிலும் இதை நாங்கள் விட்டதில்லை.

உங்கள் சபையில் இந்த ஒன்றுதான் இல்லை. சென்ற கூட்டத்தின் அறிக்கை அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்படவில்லை என்றால், நீங்கள் சொன்னது காற்றோடு போனது. அடுத்த கூட்டத்தில் அறிக்கையைத் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சண்டை வேண்டாம், அதை மட்டும் கேளுங்கள்.

இன்னொன்று. இரணைமடுக் குளத்தில் சிறுபோக நெல்லுக்கு எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாது. எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் மாவட்டச் செயலர் முன்னிலையில் தீர்மானிப்பார்கள். அங்கே போகும் கமக்காரர் அமைப்பின் ஆள், போவதற்கு முன் தன் வாய்க்கால்காரர்களைக் கூட்டிக் கேட்டுவிட்டுத்தான் போவார். திரும்பி வந்தும் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்துபார்க்கட்டும், குளத்து மதகான துருசடியில் மறித்துக் கேட்பார்கள். நீங்கள் கூட்டத்துக்குப் போகும் முன் உங்கள் 38 பேரையும் கேட்டீர்களா?

---

பாலைப்பழம் | ஞாயிறு, இரவு 9.40

கேட்கவில்லை அம்மா. எனக்குத் தெரிந்ததை நானே சொன்னேன். நீங்கள் கேட்ட பிறகுதான் அது உறைக்கிறது.

---

கொழுந்துக்கூடை | திங்கள், காலை 6.15

சகோதரி, என் அப்பா மலைநாட்டில் தோட்டத் தலைவராக, அதாவது தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத்தின் தலைவராக இருந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வவுனியாவுக்கு வந்தோம். எனக்கு அப்போது எட்டு வயது. சங்கம் என்ற சொல்லை நான் கேட்டு வளர்ந்தேன், அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன் பின் மலைநாட்டுத் தமிழரில் பெரும்பாலானோருக்கு இந்த நாட்டில் வாக்கும் இல்லாமல் போனது. பாராளுமன்றத்துக்குத் தங்கள் வாக்கால் ஓர் ஆளை அனுப்ப அவர்களால் முடியவில்லை. அந்த நீண்ட காலத்தில் அவர்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே வாய் தொழிற்சங்கம். தோட்ட முகாமையாளரான துரையின் அலுவலகத்துக்கு முன்னால் தொப்பியோ தலைப்பாகையோ கழற்றாமல் நிற்க முடிந்த ஒருவர் தோட்டத் தலைவர். அவருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? மாதம் மாதம் சந்தா கொடுத்தவர்கள் பின்னால் நின்றார்கள். துரை அவரை நியமிக்கவில்லை, துரையால் அவரை நீக்கவும் முடியாது.

உங்கள் ஊழியர் சபையை யார் உண்டாக்கினார்கள்? நிர்வாகம். கூட்டத்துக்கு நாள் குறிப்பது? நிர்வாகம். அறிக்கை எழுதுவது? நிர்வாகம். அங்கே போய்க் கதைப்பதால் தண்ணீர்த் தாங்கி வரலாம், மின்விசிறி வரலாம். சம்பளம் என்ற சொல்லை அந்த மேசையில் ஒரு நாளும் எடுக்க முடியாது.

தொழிற்சங்கங்களில் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. கட்சிக்கொரு சங்கமாக உடைந்து, தலைவர்கள் கொழும்பில் இருந்துகொண்டு, மழையில் நனைந்து கொழுந்து எடுக்கும் பெண்ணின் பெயரில் ஆண்கள் மட்டும் கையொப்பம் வைத்த கதைகளை நாங்கள் வீட்டிலேயே கண்டிருக்கிறோம். அம்மா அதைச் சொல்லி அப்பாவோடு சண்டை பிடிப்பார். ஆனாலும் குறையுள்ள சங்கத்தை உள்ளே இருந்து திருத்தலாம். நிர்வாகத்தின் சபையை நீங்கள் எப்படித் திருத்துவீர்கள்?

---

வழக்குக்கட்டு | திங்கள், மதியம் 12.50

நான் வவுனியாவில் தொழில் வழக்குகளைப் பார்க்கிறேன். சட்டம் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். இதைத் தெரிந்துகொண்டால் இந்த விவாதம் கொஞ்சம் தெளியும்.

இலங்கையில் ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் ஒன்றைப் பதிவுசெய்யலாம். 1935 இன் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் அதைச் சொல்கிறது. சங்கம் அமைப்பதும் சேர்வதும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் அடிப்படை உரிமை. 1999 இல் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதும், சேரமாட்டேன் என்று எழுதி வாங்குவதும் அதன்படி குற்றம். சங்கம் யாருக்காகப் பேச வருகிறதோ அந்த ஊழியர்களில் 40 வீதத்தினர் அதில் உறுப்பினராக இருந்தால், பேச்சுவார்த்தைக்கு வரமாட்டேன் என்று முதலாளி சொல்லவும் முடியாது.

அந்த 40 வீதம்தான் மலை. ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் ஏழு பேரோடு சங்கம் பிறக்கலாம். மேசைக்கு வர நானூறு பேர் வேண்டும். இடையில் உள்ள 393 பேரைச் சேர்க்கும் காலம்தான் ஆபத்தான காலம்.

ஊழியர் சபைகளை 1994 இல் அரசின் முதலீட்டுச் சபை தன் கீழுள்ள தொழிற்சாலைகளுக்காகக் கொண்டுவந்தது. உங்கள் தொழிற்சாலை அந்த முதலீட்டுச் சபையோடு ஒப்பந்தம் செய்த நிறுவனமா என்று பாருங்கள். ஆமென்றால், அதன் வழிகாட்டலின்படி உறுப்பினர்களை ஊழியர்கள்தாம் இரகசிய வாக்கெடுப்பில் தெரிவுசெய்ய வேண்டும். மேற்பார்வையாளர் பெயர் கொடுப்பது முறையல்ல. நீங்கள் இதைக் கேட்டால் புதிதாக எதையும் கேட்கவில்லை, அவர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைக் கேட்கிறீர்கள்.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். 1999 திருத்தத்தின் பாதுகாப்பு தொழிற்சங்கத்தை முன்னிட்டே எழுதப்பட்டது. ஊழியர் சபை உறுப்பினருக்கு அந்தக் குடை இல்லை. சர்வதேசத் தொழில் அமைப்பின் 135ஆம் சமவாயம், அதாவது நாடுகள் ஏற்கும் உடன்படிக்கை, தெரிவுசெய்யப்பட்ட பிரதிநிதிகளுக்கும் பாதுகாப்புக் கேட்கிறது. அதே சமவாயம் இன்னொன்றும் சொல்கிறது: இப்படிப்பட்ட பிரதிநிதிகளைக் காட்டித் தொழிற்சங்கத்தின் இடத்தைக் குறைக்கக் கூடாது. இலங்கை அதை 1976 இல் ஏற்றுக்கொண்டது.

கொழுந்துக்கூடை ஐயா கேட்ட கேள்வி பழைய கேள்வி. நமது தொழிற்சங்கச் சட்டம் வந்த அதே 1935 இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. முதலாளியே உண்டாக்கிப் பணம் கொடுத்து ஆட்டுவிக்கும் சங்கங்களை அது தடுத்தது. அந்தக் காலத்திலேயே அந்த நோயைக் கண்டிருக்கிறார்கள்.

---

பாலைப்பழம் | திங்கள், இரவு 10.10

எல்லோருக்கும் நன்றி. ஏழு பேர் என்பது தாளில் சிறிய எண். இங்கே அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் என் லைனில் ஒரு அக்கா சங்கம் பற்றிக் கதைத்தார். யாரும் அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்குப் பழக்கமில்லாத இயந்திரம். இலக்கை எட்ட முடியவில்லை. ஒவ்வொரு மணித்தியாலமும் பலகையில் அவர் லைனின் எண்ணிக்கை சிவப்பாக நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் ஊக்கத்தொகை போகிறது என்று அவர்மேல் எரிந்து விழுந்தார்கள். மூன்று மாதத்தில் அவரே கடிதம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இதை எந்தச் சட்டத்தின் கீழ் எழுதுவது?

இன்னொன்று. போருக்குப் பிறகு நீண்ட காலம் இங்கே எந்தக் கூட்டம் வைத்தாலும், யார் வந்தார்கள், என்ன கதைத்தார்கள் என்று பிறகு வந்து விசாரித்தார்கள். ஒரு வீட்டில் ஏழு பெண்கள் மாலையில் கூடினால் அயலவர் கேட்பார்கள், வீட்டில் இருக்கும் அம்மா அப்பா பயப்படுவார்கள். நாங்கள் கோழைகள் இல்லை. எங்கள் வீடுகளில் பலவற்றில் உழைப்பவர் ஒருவர்தான், அந்த ஒருவர் நாங்கள்தான்.

---

அலுவலகப்பக்கம் | செவ்வாய், காலை 7.30

நான் வடக்கில் ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். இங்கே எழுதத் தயங்கினேன். உங்கள் கடைசிப் பதிவை வாசித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

“கவனத்தில் எடுக்கிறோம்” என்று சொல்லும்போது அந்த முகாமையாளர் மனதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே வகை அல்ல. தண்ணீர்த் தாங்கி அவருடைய அதிகாரத்துக்குள் இருக்கிறது, நாளைக்கே வாங்கலாம். வரவுப்படி கொழும்பில் தலைமை அலுவலகத்தில் எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து முடிவாகிறது. அவரால் அதைத் தொட முடியாது, தொட முடியாது என்று சொல்லவும் கூச்சம். ஆகவே இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிடுகிறார். அடுத்த முறை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: இதை முடிவு செய்வது யார், எந்தத் திகதிக்குள் பதில் வரும்? திகதியை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். திகதி இல்லாத வாக்குறுதியை நாங்களே மறந்துவிடுகிறோம். இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

எண்ணிக்கையோடு வாருங்கள். “தண்ணீர் இல்லை” என்றால் பராமரிப்புப் பிரிவு “இருக்கிறதே” என்று சொல்லிவிடும். “இன்ன நாள், இத்தனை மணிக்கு முடிந்தது” என்று சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் இடத்தில் புகார்ப்பெட்டி வாசலில், கண்காணிப்புக் கமெராவுக்கு நேர்கீழே இருந்தது. ஒரு வருடம் திறந்து பார்த்தும் ஒரு தாள்கூட இல்லை. ‘எங்கள் ஊழியர்களுக்கு முறைப்பாடே இல்லை’ என்று அறிக்கை போனது. கட்டடப் பராமரிப்புக்காக ஒரு முறை அந்தப் பெட்டியைக் கழற்றிப் பெண்கள் மலசலகூடத்துக்குப் போகும் நடையில் மாட்டினார்கள். முதல் வாரத்திலேயே அதில் கடிதங்கள் இருந்தன. ஒரு கடிதத்தில் ஒரு மேற்பார்வையாளரின் நடத்தை பற்றி எழுதியிருந்தது, இரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்த விடயம். அதை வாசித்த அன்று நான் மதியம் சாப்பிடவில்லை. இரண்டு வருடமும் நான் அந்தப் பெண்களைத் தினமும் கடந்து போயிருக்கிறேன்.

கொழுந்துக்கூடை ஐயாவோடு நான் முழுவதும் உடன்படவில்லை. சபை சரியாக நடந்தால் அது நிர்வாகத்துக்கும் கண். ஆனால் பெரும்பாலும் அது கணக்காய்வுக்குக் காட்டும் கோப்பாக இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். வெளிநாட்டுக் கொள்வனவாளர்களின் ஆட்கள் வந்தால் முதலில் கேட்கும் கோப்புகளில் அதுவும் ஒன்று.

---

கொழுந்துக்கூடை | செவ்வாய், காலை 9.00

தம்பி, நேர்மையாக எழுதியதற்கு மதிக்கிறேன். நீங்கள் சொன்ன கடைசி வரியையே எடுத்துக்கொள்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை 2010 ஆகஸ்டில் நின்றது, 2017 மே மாதத்தில் திரும்பக் கிடைத்தது. அந்தச் சலுகை 27 சர்வதேச உடன்படிக்கைகளைப் பின்பற்றுவதோடு கட்டப்பட்டது. அவற்றில் சங்கம் அமைக்கும் உரிமையைச் சொல்லும் 87ஆம் சமவாயமும், கூட்டுப் பேரத்தைச் சொல்லும் 98ஆம் சமவாயமும் உண்டு. ஆடைத்துறைக்கு வரும் அந்த இலாபத்தின் ஒரு நிபந்தனையே இந்தப் பெண்களின் சங்க உரிமை. ஆகவே அவர்கள் அதைக் கேட்கும்போது யாரிடமும் தயவு கேட்கவில்லை.

---

முகமாலைக்காற்று | செவ்வாய், இரவு 8.45

நான் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தவள். பச்சிலைப்பள்ளிப் பக்கம், ஏழு வருடம். எங்களுக்கும் சங்கம் இருக்கவில்லை. ஆனால் ஒரு விடயத்தில் எங்கள் வாய்க்கு இருந்த மதிப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முழங்காலில் இருந்து, முகக்கவசத்துக்குள் வியர்வை ஒழுக, ஒரு சாண் மண்ணைப் பார்த்துப் பார்த்து எடுக்கும் வேலை அது. மண்ணின் நிறத்தில் சின்ன வித்தியாசம் கண்டால் கையை உயர்த்துவேன். குழுத் தலைவர் நடந்து வருவார். பத்து முறை கையை உயர்த்தி பத்து முறையும் வெறும் ஆணியாக இருந்தாலும் ஒருவரும் கோபிக்கமாட்டார்கள், நேரம் போகிறது என்று சொல்லமாட்டார்கள். நேற்றுச் சேர்ந்த பிள்ளை கையை உயர்த்தினாலும் வேலை நிற்கும். அங்கே எங்கள் கண்ணும் வாயும் இல்லாமல் அந்த வேலையே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு வருடம் கொடையாளர் நிதி குறைந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஒரு பெயர்ப்பட்டியல் ஒட்டினார்கள். ஒப்பந்தம் நீடிக்கப்படாதவர்களின் பட்டியல். அதில் என் பெயர் இருந்தது. என்னோடு வேலை செய்த, கணவனை இழந்து மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஒருவரின் பெயரும் இருந்தது. நிதி குறைந்தது உண்மை, அதை யாரும் மறுக்கவில்லை. எங்களைக் கூப்பிட்டு “இவ்வளவுதான் பணம் இருக்கிறது, என்ன செய்யலாம்?” என்று கேட்டிருந்தால், எல்லோரும் மாதத்தில் சில நாட்களை விட்டுக்கொடுக்கிறோம், ஒருவரையும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருப்போம். பட்டியலைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றபோது நாங்கள் கதைத்தது அதைத்தான். பட்டியலில் பெயர் இல்லாதவர்களும் அதையே சொன்னார்கள்.

மண்ணைப் பற்றிச் சொன்னால் கேட்டார்கள். எங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல இடமே இருக்கவில்லை. தங்கச்சி, உங்களுக்கு ஒரு மேசையாவது இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

---

பனிக்கால்வாய் | புதன், அதிகாலை 3.10

நான் விசுவமடுவில் பிறந்தவன், இப்போது ரொறொன்ரோவில் ஒரு பொதியிடும் தொழிற்சாலையில் இருக்கிறேன். இங்கும் எங்கள் இடத்தில் சங்கம் இல்லை. ஆனால் இந்த மாகாணமான ஒன்ராறியோவின் சட்டப்படி 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் கூட்டுச் சுகாதார, பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது பாதிப்பேர் சாதாரணத் தொழிலாளர்கள். சங்கம் இல்லாத இடத்தில் அவர்களைத் தொழிலாளர்களே தெரிவுசெய்வார்கள், நிர்வாகம் தெரிவுசெய்ய முடியாது. ஆபத்தான வேலையைச் செய்யமாட்டேன் என்று மறுக்கும் உரிமையும் இருக்கிறது. நான் இரண்டு வருடம் அந்தக் குழுவில் இருந்தேன். ஆங்கிலம் தடுமாறும். ஆனாலும் மாதாமாதம் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்து எழுதிக் கொடுக்கும் தாளில் என் கையொப்பம் இருக்கும்.

ஜெர்மனியில் இருக்கும் என் அக்கா சொல்வார், அங்கே ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலேயே தொழிலாளர் சபையைத் தெரிவுசெய்யலாம். தெரிவானவரை இலகுவில் வேலையிலிருந்து நிறுத்த முடியாது. வழக்குக்கட்டு ஐயா சொன்ன அந்தக் குடை அங்கே இருக்கிறது. சங்கமும் வெளியே பலமாக இருக்கிறது. ஒன்றுக்காக மற்றதை விட வேண்டியதில்லை.

நான் எழுத வந்த காரணம் இது. 2013 ஏப்ரல் 24 அன்று பங்களாதேசில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் வெடிப்பைப் பார்த்தார்கள். அதே கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்றது. தையல் பெண்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். போகாவிட்டால் சம்பளம் இல்லை என்ற பயம். அவர்களுக்கு வெடிப்பு தெரியாமல் இருக்கவில்லை. “நாங்கள் போகமாட்டோம்” என்று சேர்ந்து சொல்ல ஒரு வழி இருக்கவில்லை. தண்ணீர்த் தாங்கி சின்ன விடயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீரைப் பற்றிச் சொல்லிப் பழகாத வாய், சுவர் வெடித்த அன்று திடீரென்று திறக்காது.

---

கரடிபோக்கு | புதன், இரவு 9.15

இடையில் புகுவதற்கு மன்னியுங்கள். எங்கள் கடையில் ஒன்பது பேர். இரும்புச் சாமான், சீமெந்து. சபையும் இல்லை, சங்கமும் இல்லை, முதலாளி என் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். ஓய்வுக்காலத்துக்கான ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறாரா என்று கேட்டால், “மருமகனே, நான் உன்னை விட்டுவிடுவேனா?” என்கிறார். நான்கு வருடமாகச் சம்பளத் துண்டு இல்லை. சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது?

---

வழக்குக்கட்டு | புதன், இரவு 10.30

தம்பி, ஒருவர் வேலை செய்தாலே சேமலாப நிதி கட்டியாக வேண்டும். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் 3 வீதம் கட்ட வேண்டும். தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். முறைப்பாடு கொடுத்தவர் யார் என்பதைத் தொழிற் பரிசோதகர் வெளியே சொல்லக் கூடாது என்று சர்வதேசத் தொழில் அமைப்பின் 81ஆம் சமவாயம் சொல்கிறது. இலங்கை அதை ஏற்ற நாடு. ஆனால் முதலில் ஒன்பது பேரும் சேர்ந்து ஒரு முறை கேளுங்கள். ஒருவர் கேட்டால் மருமகன் கேட்டதாகிவிடும். ஒன்பது பேர் கேட்டால் ஊழியர்கள் கேட்டதாக இருக்கும்.

---

பாலைப்பழம் | ஆறு வாரங்களின் பின், ஞாயிறு, மாலை 4.00

நீண்ட நாட்களாக எழுதவில்லை, மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். தண்ணீர் முடியும் நேரத்தை ஒவ்வொரு நாளும் எழுதினேன். 1.10, 1.25, 12.50, ஒரு நாள் 11.40. பன்னிரண்டு நாள் எழுதிய பிறகு பார்த்தால், வெயில் கடுமையான நாட்களில் முந்தியே முடிந்திருக்கிறது. பஸ்ஸில் இருக்கை இருக்கையாகப் போய்க் கேட்டேன். முதல் நாள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கேக் பற்றிக் கேட்ட அந்தப் பிள்ளைதான் முதலில் வாய் திறந்தாள். சிறுநீர் கழிக்கப் போகாமல் அடக்கி அடக்கித் தனக்கு வருத்தம் வந்து, வைத்தியசாலைக்குப் போன துண்டைக் காட்டினாள். இவ்வளவு நாளும் பக்கத்து இயந்திரத்தில் இருந்தும் எனக்கு அது தெரியாது. அதன் பின் மற்றவர்களும் சொன்னார்கள். பெயர் எழுதாமல் விடயத்தை மட்டும் எழுதினேன். 38 பேரில் 31 பேர் ஏதாவது ஒன்று சொல்லியிருக்கிறார்கள்.

கூட்டம் தொடங்கியதும், சென்ற கூட்ட அறிக்கையைத் தமிழில் வாசிக்க முடியுமா என்று கேட்டேன். என் குரல் நடுங்கியது. மனிதவளப் பிள்ளை வாசித்தாள். முடித்ததும், “தண்ணீரும் வரவுப்படியும் இதில் இல்லை, சேர்க்க வேண்டும்” என்றேன். அறையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கட்டிங் பிரிவிலிருந்து வந்த ஒரு அண்ணா, “ஓம், அவர் சொன்னவர், நானும் கேட்டேன்” என்றார். குளக்கட்டு அம்மா, நீங்கள் சொன்ன வழிமொழிதல் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். முகாமையாளர் “சேருங்கள்” என்றார்.

கொப்பியைக் காட்டினேன். ஒன்பதாவது நாள் இரண்டாவது தாங்கி வந்தது. வரவுப்படிக்குத் திகதி கேட்டேன். 15ஆம் திகதிக்குள் தலைமை அலுவலகத்தின் பதில் வரும் என்று எழுதினார்கள். 15 போய்விட்டது, பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் அதுதான் முதல் கேள்வி.

அறிக்கை இப்போது இரண்டு மொழியிலும் சாப்பாட்டறைப் பலகையில் ஒட்டப்படுகிறது. முதல் நாள் அதன் முன்னால் தட்டோடு நின்று வாசித்தவர்களைப் பார்க்க வேண்டும்.

வாக்கெடுப்பையும் கேட்டேன். மேற்பார்வையாளர் பெயர் கொடுத்த லைன்களில் மறுபடி இரகசிய வாக்கு வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். என் லைனும் அதில் வருகிறது. நான் நிற்கிறேன். அந்தப் பிள்ளையும் நிற்கிறாள், 22 வயது. என்னைவிடத் துணிவு அவளுக்கு. நேற்று பஸ்ஸில் வந்து, “அக்கா, நான் வென்றால் கொப்பியைத் தருவீர்களா?” என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆறு வாரம் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்திருக்கிறேன்.

---

கொழுந்துக்கூடை | ஞாயிறு, மாலை 6.30

சகோதரி, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது 83 வயது. “அந்தப் பிள்ளை கேட்டது சம்பளமும் இல்லையே, தண்ணீர்தானே” என்று சொல்லி அழுதார். என் கருத்து மாறவில்லை. 31 பேர் வாய் திறந்த லைனில் ஏழு பேர் சங்கத்துக்குக் கையொப்பம் வைக்கும் நாளும் வரும் என்று நம்புகிறேன். அதுவரை அந்த மேசையை விடாதீர்கள்.

---

குளக்கட்டு | ஞாயிறு, இரவு 7.50

மகள், எங்கள் சங்கத்தில் செயலாளர் மாறினால் அறிக்கைப் புத்தகத்தைக் கூட்டத்தின் நடுவில் எல்லோரும் பார்க்கக் கையளிக்க வேண்டும். நானும் பதினொரு வருடம் எழுதிய புத்தகத்தை அப்படித்தான் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன், அது வேறு விடயம். கொப்பியின் அட்டையில் யாருடைய பெயர் இருக்கிறது?

---

பாலைப்பழம் | ஞாயிறு, இரவு 9.25

என் பெயர்தான் இருந்தது அம்மா. இப்போது அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி லைன் இலக்கத்தை எழுதிவிட்டேன். வாக்கெடுப்பு வரும் வெள்ளிக்கிழமை, காலைத் தேநீர் இடைவேளையில். பெட்டியைக் கமெரா இல்லாத பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.